அம்மா வீட்டில் பிறந்த பிள்ளைகள்

1

பூங்காவனம், உன் பேரை இங்கே நான் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சமையல்கட்டில் நின்றுகொண்டு பூங்காவனம், பூங்கா, அக்கா என்று மூன்று விதமாகக் கூப்பிட்டேன். என் மகள் வந்து, போனில் யாரோடு பேசுகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன்.

நீ போய், வருகிற கார்த்திகையோடு ஒரு வருஷம். நீ செத்ததற்கும் நான் வரவில்லை, வருஷ காரியத்துக்கும் வரப்போவதில்லை. லீவு இல்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். லீவு இல்லாதது உண்மை. நான் கேட்காததும் உண்மை.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பூங்காவனம் என் அக்கா. வைத்திக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான் அவள் தங்கை வள்ளி. பாரிஸுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். அப்பா கடலில் போனபிறகு பத்து வயதில் என்னை அக்காதான் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். பத்தொன்பது வயதில் ஒரு சொல்தா வீட்டுப் பையனுக்கு என்னைக் கட்டிக் கொடுத்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் புண்ணியத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு. நான் இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது.

அக்கா ஆரம்பித்த தாய்மார் குழுவில் தனம் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர்தான் போன் செய்தார்.

"பூங்காவுக்கு வருஷம் வருது வள்ளி. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சின்னதா ஒரு புக்கு போடறோம். நீ அங்க இருக்கற கதைய எழுதி அனுப்பு. அங்க புள்ளைங்கள எப்பிடி பாத்துக்கறாங்கன்னு எழுது."

"நான் எட்டாவதுதான்க்கா. எழுத்துல தப்பு வரும்."

"அவ அஞ்சாவது. அவ எழுதின மனு மேல வரைக்கும் போச்சு. தப்போடவே எழுது, நாங்க இன்னா பரிச்சைப் பேப்பரா திருத்தப் போறோம்."

அதனால் எழுதுகிறேன்.

2

நான் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் தட்டு கழுவுகிறேன். பிள்ளைகள் பாதி சாப்பிட்டு மீதியைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார்கள். ரொட்டி, கோழி, ஒரு கடி கடித்த ஆப்பிள், பிரிக்காத தயிர் டப்பா. முதல் வருஷம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது எரிவதில்லை. இந்த நாட்டில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

என் மகள் லெனாவுக்கு நாலு வயது. வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தினமும் அவள் பையில் ஒரு நோட்டு வரும். டீச்சர் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதில் ஒட்டி அனுப்புவார்கள். குளிர் முடிகிற சமயத்தில் ஒருநாள் அந்த நோட்டுக்குள் மடித்த கடிதம் ஒன்று இருந்தது. எனக்குப் பேச வருகிற அளவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது. லெனா பேர் தெரிந்தது. என் பேர் தெரிந்தது. நடுவில் ஒரு வார்த்தை தெரிந்தது. உடம்பு உறுப்புகளுக்குப் பேர் சொல்லிக் கொடுத்த வகுப்பில் படித்த வார்த்தை. காது.

பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். லெனா கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து படித்துச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு அரசாங்க நர்ஸ் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் காதும் பார்த்திருக்கிறாள். உங்கள் மகள் மெதுவாகப் பேசுகிற குரலைச் சரியாகக் கேட்கவில்லை, எங்கள் நிலையத்துக்குக் கூட்டிவாருங்கள் என்று எழுதியிருக்கிறாள்.

"சளி புடிச்சிருக்கும். இதுக்கு ஏன் அழுவற?" என்றார்.

அவருக்குத் தெரியாது. தெரியாது என்றால், சொல்லியிருக்கிறேன். ஆனால் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கியவள் நான்தான், அவர் இல்லை.

3

யாழினி அக்காவின் மகள். அவளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்குக் காது கேட்காது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அக்காவை எங்கள் அம்மா வந்து கூட்டிப் போனாள். அம்மா வீடு காலாப்பட்டைத் தாண்டி இருக்கிற ஒரு குப்பம். வைத்திக்குப்பத்தில் இருந்து பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது தமிழ்நாடு. வழியில் ஒரு போர்டு இருக்கிறது, அவ்வளவுதான். யாழினி அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழ் அங்கே கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பிள்ளையும் அக்காவும் பாண்டிக்கு வந்துவிட்டார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். தெருநாய்கள்கூட ஓடிப்போய்ப் படகுக்கு அடியில் படுத்துக்கொண்டன. யாழினி பாயில் தூங்கிக்கொண்டே இருந்தாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பெருமையாகச் சொன்னார். "எம் பொண்ணப் பாருடி. இடி வுழுந்தாலும் அசைய மாட்டா." அக்கா அடுப்படிக்குப் போய் ஒரு தட்டை எடுத்துவந்து பிள்ளையின் தலைமாட்டில் கீழே போட்டாள். இன்னொரு தரம் போட்டாள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா நல்லவர். அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பிறவியிலேயே கேட்கலம்மா. தலைக்குள்ள ஒரு கருவி வச்சா கேக்கும், பேச்சும் வரும். ஆனா சின்ன வயசுலயே வைக்கணும். பேச்சு படியற வயசு தாண்டிட்டா வச்சும் புண்ணியம் இல்ல. அரசாங்கமே செய்யுது. ஃபாரம் எழுதித் தரேன், நாளைக்கே போங்க."

நாங்கள் நாளைக்கே போனோம். எந்த அலுவலகம் என்று எழுத வேண்டாம் என்று தனம் அக்கா சொல்லியிருக்கிறார். ஒரு அலுவலகம்.

"பேரு?" என்றார் மேஜைக்காரர்.

"பூங்காவனம்."

"எந்தப் பூங்காம்மா? பாரதி பூங்காவா, தாவரவியல் பூங்காவா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். காரியம் ஆகவேண்டுமே.

"வைத்திக்குப்பம் பூங்கா சார். டிக்கெட்டு கெடயாது. பேப்பர மட்டும் பாருங்க."

அவர் பேப்பரைப் பார்த்தார். பிறப்புச் சான்றிதழில் விரலை வைத்தார். "இது தமிழ்நாட்டுப் புள்ளம்மா. இங்க செய்ய முடியாது."

"நான் வைத்திக்குப்பத்துல இருக்கறேன் சார். ரேஷன் கார்டு இருக்குது."

"நீ இருக்கற. புள்ள எங்க பொறந்துச்சு?"

"எங்கம்மா வூட்ல. மொதப் புள்ள அம்மா வூட்லதான பொறக்கும். ஒங்க சம்சாரம் எங்க பெத்தாங்க?"

"திண்டிவனத்துல" என்றார் அவர், யோசிக்காமல்.

"அப்ப ஒங்க புள்ளயும் தமிழ்நாட்டுப் புள்ளதான் சார்."

பக்கத்து மேஜைக்காரர் மறுபடி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. பேப்பர்களை ஒன்றாகத் தட்டி அடுக்கி எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

தமிழ்நாட்டுப் பக்கம் போனோம். அங்கே கார்டைப் பார்த்தார்கள். "இது பாண்டி கார்டும்மா. அங்க போய்க் கேளு." திரும்ப இங்கே. இங்கே இருந்து அங்கே. யாழினி என் இடுப்பில் இருந்து பஸ் ஜன்னலைத் தட்டுவாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. கை அதிர்வது பிடித்திருந்தது போல. கண்டக்டர்கள் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். ஒருத்தர் கேட்டார், "இன்னாம்மா, தெனம் ஊரு மாத்திக்கினே கீறீங்க?" அக்கா சொன்னாள், "எம் பொண்ணு எந்த ஊருன்னு இன்னும் முடிவாவல சார்."

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது யாழினிக்கு இரண்டு வயது. அதற்குப் பிறகும் அக்கா அலைந்தாள். விசாரணை, இருப்பிடச் சான்று, கிராம அலுவலர் கையெழுத்து, திரும்ப விசாரணை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. குழந்தை திட்டத்துக்கான வயதைக் கடந்துவிட்டதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. அக்கா அதை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

4

அதோடு அவள் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்தார்.

அவள் ஒரு பெரிய அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். எம் புள்ளைக்குப் போச்சு, இனிமே வர்ற புள்ளைங்களுக்காவது இந்தச் சட்டத்த மாத்துங்க என்று கேட்டாள். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "இது உன் ஒருத்தி பிரச்சனைம்மா. ஒருத்திக்காக விதிய மாத்த முடியாது. மாநிலம் முழுக்க இருக்கற பிரச்சனைன்னா எழுதிக் குடு, பாக்கலாம்."

அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள்.

"ஏ வள்ளி, நம்ம மாநிலம் முழுக்கன்னா எவ்ளோ தூரம்டி?"

"பாண்டி, காரைக்கால், மாஹே, யானம். நாலு ஊரு."

"மாஹே எங்க இருக்குது?"

"கேரளாவுக்குள்ள."

"யானம்?"

"ஆந்திராவுக்குள்ள."

"அப்ப அங்க இருக்கறவளுக்கெல்லாம் அம்மா வூடு எங்க இருக்கும்?" என்றாள்.

நான் இத்தனை வருஷம் அந்த மாநிலத்தில் இருந்தேன். படித்தவர்கள், ஆபீசில் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வி மீன் விற்கிற என் அக்காவுக்குத்தான் தோன்றியது. துண்டு துண்டாக இருக்கிற மாநிலம். எந்தத் துண்டில் பெண் கட்டினாலும் பெண் வீடு பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம். காரைக்கால்காரிக்கு நாகப்பட்டினம். மாஹேகாரிக்குத் தலச்சேரி. யானத்துக்காரிக்குக் காக்கிநாடா. நாலு ஊரிலும் தலைப்பிள்ளைகள் வெளியூர்ப் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும். முதல் பிள்ளைக்குத்தான் கிடைக்காது.

மாமா கிண்டல் செய்தார். "மாஹேவுக்கு ஆம்பளைங்க பாட்டில் வாங்கப் போவாங்க. இவ மனு வாங்கப் போறா."

"திரும்பி வரும்போது ஒனக்கும் ஒண்ணு வாங்கியாறேன், குடிச்சிட்டுப் பேசாம படு" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

மாஹேயில் பாஷை பாதி புரிந்தது. அம்மா வீட்டுக்கு அங்கேயும் அம்மவீடுதான். ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி, கூட்டிப்போன யாழினியைக் காட்டினாளாம். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். யானத்தில் ஒன்றும் புரியவில்லை. மண்ணில் குச்சியால் ஒரு வீடு வரைந்து, நடுவில் கோடு போட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். ஒருத்தி "புட்டில்லு, புட்டில்லு" என்று கத்தினாளாம். பிறந்த வீடு. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணே வீடு வீடாகக் கூட்டிப் போனாள்.

அக்கா ஒரு நோட்டில் பேர் எழுதினாள். காலுக்குக் கருவி கிடைக்காத பிள்ளை. ரத்தம் ஏற்ற மாதாமாதம் எல்லை தாண்டுகிற பிள்ளை. அப்பா கடலில் போய் உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகள். சத்துமாவு மறுக்கப்பட்ட இரட்டைப் பிள்ளைகள். காதுக்காக நிற்கிற பிள்ளைகள். நான் யாழினிக்கு மட்டும் என்று நினைத்தது இத்தனை பேருக்கு நடந்திருந்தது. எல்லோரும் தங்கள் ஒருத்தி பிரச்சனை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பிறந்த ஊரைக் கேட்காதே, இருக்கிற ஊரைக் கேள்.

5

அப்போதுதான் என்னிடம் கேட்டாள். "அங்க இன்னாடி கேக்கறாங்க? புள்ள எங்க பொறந்துச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்கிற ஆபீசுக்கு நான் வந்த புதிதில் போன கதை ஞாபகம் வந்தது. பேர் பதிய வேண்டும் என்று மாமியார் பாண்டியில் இருந்து போனில் சொன்னார், "மேரிக்குப் போய்ச் சொல்லிட்டு வா." சொல்தா வீடுகளில் முனிசிபாலிட்டி ஆபீசுக்கு மேரி என்றுதான் சொல்வார்கள். குப்பத்துப் பெண்ணான எனக்கு அது எப்படித் தெரியும்? யாரோ ஒரு மேரியம்மா என்று நினைத்தேன். வீட்டுக்காரர் காட்டிய கட்டடத்துக்குப் போய், கவுண்டரில் நின்று, மதாம் மேரியைப் பார்க்கணும் என்றேன். அவர்கள் உள்ளே போய் உண்மையாகவே ஒரு மேரியைக் கூட்டிவந்தார்கள். பாவம், அந்த அம்மாள் காபிக் கோப்பையோடு வந்து, நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

லெனாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதே கவுண்டருக்குத்தான் போனேன். எனக்கு முன்னால் ஒரு ஆப்பிரிக்காக்காரி நின்றாள். அவள் பிள்ளை அவள் நாட்டில் பிறந்தது, வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளிடமும் என்னிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான். இந்த ஊரில்தான் இருக்கிறாய் என்பதற்குக் கரண்ட் பில் இருக்கிறதா. இருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் இடம் கொடுத்தார்கள்.

இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. "கரண்ட் பில்லா? மெய்யாலுமா?" என்றாள். அப்புறம் சிரித்தாள், நிறுத்தாமல் சிரித்தாள். "அப்ப எம் புள்ளைக்கு அம்மா வூடு, அப்பன் வூடு எதுவும் வாணாம், கரண்ட் ஆபீசு போதும்."

"அத அப்பிடியே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புடி. மனுவோட சேத்து வைக்கறேன்" என்றாள்.

சரி என்றேன். எழுத உட்கார்ந்தேன். என் எழுத்தைப் பார்த்தேன். பெரிய அதிகாரிகள் பார்ப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரரை எழுதச் சொல்லலாம் என்று விட்டேன். அவருக்கு நேரமில்லை. அக்கா இரண்டு தரம் ஞாபகப்படுத்தினாள். மூன்றாவது தரம் கேட்கவில்லை. நான் அனுப்பவே இல்லை.

இந்த நாட்டைப் பெரிதாக்கி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என்னை இங்கே யாரும் மனுஷியாகப் பார்ப்பதில்லை. கேண்டீனில் என் பேரை ஆறு வருஷமாக வாலி, வாலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரரின் அத்தைகள் குப்பத்துக்காரி என்று சொல்வதை நான் கேட்காத மாதிரி இருக்கிறேன். ஆனால் பிள்ளை விஷயத்தில் என்னை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் அது என் அக்காவுக்குச் செய்கிற இரண்டாவது துரோகம்.

6

லெனாவை நர்ஸ் சொன்ன நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் படங்கள் வரைந்த அட்டையை எடுத்துவைத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, மெதுவான குரலில் ஒவ்வொரு பேராகச் சொன்னாள். லெனா விரலால் தொட்டாள். நாய், சரி. வீடு, சரி. அப்புறம் நர்ஸ் "கொக்" என்றாள். பிரெஞ்சில் அது சேவல். லெனா கொஞ்சம் தேடிவிட்டு, கூரைமேல் ஒற்றைக்காலில் நின்ற வெள்ளைப் பறவையைத் தொட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பார்த்தாயா என்பது போல. அடுத்து "பொம்" என்றாள். ஆப்பிள். லெனா பொம்மையைத் தொட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "கேக்குது, அவளுக்குக் கேக்குது" என்று தமிழில் கத்தினேன். நர்ஸ் பயந்துவிட்டாள். என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். எங்கள் பாஷையில் கொக்கு இதுதான். ஆற்றங்கரையில் இவளுக்குச் சோறு ஊட்டும்போது நான் காட்டியிருக்கிறேன். பொம்மை இதுதான். நீ சொன்னது அவளுக்குக் கேட்டது, எங்கள் காதால் கேட்டாள்.

நர்ஸ் சிரித்தாள். எழுதிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஆனாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பேன். மறந்துவிடாதே, கடிதம் வரும்."

வெளியே வந்து சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு கொக்குக்காக ஒரு கடிதம், ஆறு மாதத்தில் இன்னொரு கடிதம். ஆயிரம் வாலா வெடித்தும் எழுந்திருக்காத பிள்ளைக்கு ஒரு கையெழுத்து கிடைக்கவில்லை. யார்மேல் அந்த ஆத்திரம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த நர்ஸ்மேல் கூட வந்தது.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. போனோம். கொக் என்றாள் நர்ஸ். லெனா சேவலைத் தொட்டாள். பொம் என்றாள். ஆப்பிளைத் தொட்டாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது ஆற்றில் ஒரு கொக்கு நின்றது. அது என்ன என்று கேட்டேன். எரோன் என்றாள் பிரெஞ்சில். நான் சரி என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

வீடியோ போனில் லெனா ஊரில் இருக்கிற யாரோடும் பேச மாட்டாள். தமிழ் கேட்டால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். யாழினியோடு மட்டும் பேசுவாள். இரண்டு பேரும் கையாலும் மூஞ்சியாலும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அங்கே பாஷை தேவையில்லை.

7

அக்கா போன வருஷம் ஐப்பசி கடைசி மழையில் காரைக்கால் போனாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, காது கேட்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறந்தது நாகப்பட்டினத்தில். அந்தத் தாயை உட்காரவைத்து ஃபாரம் எழுதிக் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே பஸ் ஏறி வந்தாள். மறுநாள் காய்ச்சல். போனில் என்னிடம் சொன்னாள், "காச்ச தான்டி. மாத்திரை போட்டா போயிடும். திங்கக்கெழம ஆபீசுல கூப்ட்டு இருக்கறாங்க." திங்கட்கிழமை போனாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒருநாள் காய்ச்சல் என்றாலே கோரிமேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறவள், தனக்கு நாலாவது நாள்தான் போனாள். ரத்தத்தில் தட்டணு குறைந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தாள்.

மாமா போன் செய்தபோது என் கையில் ரப்பர் கையுறை இருந்தது. போனைத் தொட முடியவில்லை. மூன்று தரம் அடித்து நின்றது.

சாவு எடுக்கிறதைத் தனம் அக்கா போனில் பிடித்துக் காட்டினார். நடுவில் படம் நின்றுவிட்டது. அக்காவின் பாதம் மட்டும் தெரிந்தது, மஞ்சள் பூசிய பாதம். பதினைந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி படம் ஓடியபோது தெரு காலியாக இருந்தது.

யாழினியை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மாவுக்கு அவள் காட்டுகிற சாடை, மூக்குத்தி இடத்தைத் தொடுவது. இல்லை என்பதற்குக் கையை விரிப்பது. இரண்டையும் சேர்த்து அவளிடம் காட்ட அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கை வரவில்லை. பதினாறாம் நாள் அக்காவின் போட்டோவுக்கு மாலை போட்டார்கள். யாழினி பார்த்தாள். எந்த வீட்டிலும் செத்தவர்கள் போட்டோவுக்குத்தான் மாலை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாற்காலி போட்டு ஏறி மாலையைக் கழற்றிவிட்டாள். மறுநாள் மாமா போட்டார். மறுபடி கழற்றினாள். எட்டு நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் மாமா மாலை வாங்கவில்லை.

நான் ஊருக்கு வராததற்குக் காரணம் அதுதான். போனில் என்றால் முகம் காட்டாமல் இருந்துவிடலாம். நேரில் அவள் என்னிடம் மூக்கைத் தொட்டுக் கேட்டால் நான் என்ன காட்டுவது?

8

இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் அக்கா பேருக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு பகுதித் தாய்மார் கொடுத்த மனுவின் மேல் விசாரணை வைத்திருக்கிறோம், மனுதாரர் நேரில் வரவேண்டும். தனம் அக்காவும் மாமாவும் போய், ஆள் இறந்துவிட்டாள் என்றார்கள்.

"மனுதாரர் எறந்துட்டா மனுவும் முடிஞ்சிதும்மா" என்றார் அங்கே இருந்தவர். "விசாரணைக்கு முன்னாடி வேற யாராவது அவங்க எடத்துல கையெழுத்துப் போட்டா இது நிக்கும். இல்லன்னா புதுசா போட்டு வரிசையில வரணும்."

புதிதாகப் போட்டால் வருஷங்கள் ஆகும். காரைக்கால் குழந்தைக்கு இப்போது இரண்டரை வயது. யாழினியைப் போலவே அதுவும் வயது வரம்பைத் தாண்டிவிடும்.

எனக்குப் போன் வந்ததும் நானே சொன்னேன், "நான் போடறேன்க்கா. கூடப்பொறந்தவ நானு. லீவு கேட்டு வந்துடறேன்." உண்மையாகவே சொன்னேன். ஒரு கையெழுத்தை அவளுக்கு அனுப்பாமல் விட்டவள், இதையாவது போடலாம் என்று நினைத்தேன்.

தனம் அக்கா கேட்டுவிட்டு வந்து சொன்னார். "முடியாதாம் வள்ளி. மாநிலத்துல இருக்கறவங்கதான் போடலாமாம். நீ இருக்கற ஊர் பாரிசாம்."

பிறந்த ஊரைப் பார்க்காதே, இருக்கிற ஊரைப் பார் என்று கேட்டவள் என் அக்கா. அந்த விதிப்படி நான் வெளியாள். சரியான விதிதான். எனக்கு வலித்தது, அவ்வளவுதான்.

குழுவில் இருக்கிற பெண்களுக்குப் பயம். வீட்டுக்காரர்கள் விடவில்லை. இரண்டு நாள் யாரும் முன்வரவில்லை. மூன்றாம் நாள் மாமா கடலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாழினியைக் கூட்டிக்கொண்டு, அந்த அலுவலகத்துக்குப் போய் நின்றார். அக்காவை மாஹே போனதற்கும் யானம் போனதற்கும் கிண்டல் செய்தவர். தனம் அக்கா கூட இருந்து கேட்டதை எனக்கு அப்படியே சொன்னார்.

"நீங்க அப்பாவா? இந்தப் புள்ளைக்கு வயசு தாண்டிடுச்சே. இந்த விதி மாறினாலும் ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க" என்றாராம் அந்த மனிதர். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார்.

"தெரியும் சார்" என்றாராம் மாமா. "எம் புள்ளைக்குக் கேக்க வரல. காரைக்கால்ல ஒரு புள்ள இருக்குது. அதுக்கு இன்னும் நேரம் இருக்குது. எங்க போடணும் சொல்லுங்க."

அவருக்குத் தன் பேரை மட்டும்தான் எழுத வரும். அதை எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டாராம்.

விசாரணை வருகிற கார்த்திகையில், அக்கா செத்த நாளைக்கு நாலு நாள் முன்னால். மாமா அவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். கடலில் தவிர வேறு எங்கேயும் சத்தமாகப் பேசாதவர். என்ன நடக்கும் என்று தெரியாது. மறுபடி திருப்பி அனுப்பலாம். அனுப்பிப் பழகியவர்கள்தான்.

இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, மாதா கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களோ, எனக்குத் தெரியாது. காரைக்காலில், மாஹேயில், யானத்தில் எந்தப் பாஷையில் கும்பிடுவீர்கள் என்றும் தெரியாது. விசாரணை நடக்கிற அந்தக் காலையில் ஒரு நிமிஷம் பூங்காவனம் என்று பேர் சொல்லி என் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் ஆத்மா சாந்தி அடையட்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்டது கிடைக்கட்டும் என்று கேளுங்கள்.